செல் சேவர் பக்கத்தில் முதல் முறை நிற்பவர்களுக்கு

அறுவை சிகிச்சையில் வெளியேறும் ரத்தத்தைச் சாதாரண சக்ஷன் பாட்டிலில் இழுத்தால் அது கழிவு. அதையே செல் சேவரில் (ரத்தத்தை உறிஞ்சி, கழுவி, சிவப்பணுவைத் திருப்பித் தரும் கருவி) இழுத்தால், இழந்த சிவப்பணுக்களில் ஏறத்தாழ பாதியோ அதற்குச் சற்று மேலோ அதே நோயாளிக்குத் திரும்பக் கிடைக்கும். இதயம், மகாதமனி, முதுகெலும்பு வளைவு, இடுப்பு மூட்டு மறு அறுவை, கல்லீரல் மாற்று, கருக்குழாய் வெடித்த கர்ப்பம் என ரத்தம் அதிகம் போகும் இடங்களில் இந்தக் கருவி நிற்கும். தியேட்டர் டெக்னீஷியனாகவோ மயக்கவியல் பயிற்சி மருத்துவராகவோ புதிதாகச் சேர்ந்து, "நாளைக்கு நீங்கதான் செல் சேவர் பாக்கணும்" என்று சொல்லப்பட்டவர்களுக்காக எழுதியது இது. உங்கள் மருத்துவமனையின் நெறிமுறையும் கருவியின் கையேடும் வேறு சொன்னால் அவற்றையே பின்பற்றுங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பையில் திரும்பி வருவது ரத்தம் இல்லை, சலைனில் மிதக்கும் சிவப்பணு மட்டும்தான். பிளாஸ்மா, பிளேட்லெட், உறைவுக் காரணிகள் எல்லாம் கழிவுப் பைக்குப் போய்விடும். இரண்டு மூன்று பௌல் (கருவியில் சுழன்று சிவப்பணுவைப் பிரிக்கும் கிண்ணம்) அளவு திருப்பிக் கொடுத்ததும் ஹீமோகுளோபின் அழகாக நிற்கும். ஆனால் அறுவைக் களத்தில் எல்லா இடத்திலும் கசியத் தொடங்கும். அப்போது தேவை பிளாஸ்மாவும் பிளேட்லெட்டும்தான், இன்னொரு பௌல் இல்லை. அதிக அளவு திருப்பிக் கொடுத்த கேஸில் பிளேட்லெட் எண்ணிக்கை, ஃபைப்ரினோஜன், உறைவு நேரம் மூன்றையும் பார்க்கச் சொல்லி மயக்க மருத்துவருக்கு நீங்களே நினைவூட்டலாம். யாரும் கோபிக்க மாட்டார்கள்.

எப்போது பிரிப்பது, எவ்வளவு பிரிப்பது

பிரிட்டன், அயர்லாந்து மயக்க மருத்துவர் சங்கத்தின் 2018 வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு 500 மி.லி.க்கு மேல் அல்லது உடலின் மொத்த ரத்தத்தில் 10 சதவீதத்துக்கு மேல் இழப்பு வரக்கூடும் என்றால் சேகரிப்பையாவது தொடங்கச் சொல்கிறது. 10 கிலோவுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு அளவு கிலோவுக்கு 8 மி.லி.

இதில் 'சேகரிப்பு மட்டும்' என்ற சொல்தான் காசை மிச்சப்படுத்துவது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பாகங்கள் இரண்டு தொகுப்பாக வரும்: ரிசர்வாயரும் (உறிஞ்சிய ரத்தம் சேரும், வடிகட்டி உள்ள கலன்) சக்ஷன் குழாயும் ஒன்று, பௌல், குழாய்கள், கழிவுப் பை சேர்ந்த கழுவும் செட் இன்னொன்று. விலை கூடியது இரண்டாவது. முதலாவதை மட்டும் பிரித்து மாட்டிச் சேகரியுங்கள். ரிசர்வாயரில் போதுமான ரத்தம் சேர்ந்த பிறகு இரண்டாவதைப் பிரித்தால் போதும். ரத்தம் அவ்வளவாகப் போகவில்லை என்றால் பௌல் செட் உறை பிரியாமல் அலமாரிக்கே திரும்பிவிடும்.

மாட்டும் வரிசை

ரிசர்வாயரை அதன் தாங்கியில் நிறுத்தி, பயன்படுத்தாத வாய்களின் மூடிகளை எல்லாம் இறுக்குங்கள். 'சக்ஷன் இழுக்கவில்லை' என்று வரும் புகாரில் பெரும்பாலானவை ஒரு மூடி தளர்ந்திருப்பதால்தான்.

இரட்டைக் குழாயின் கிருமி நீக்கிய முனை ஸ்க்ரப் நர்ஸ் கைக்குப் போகும், மறுமுனை உங்களுக்கு வரும். இரண்டில் பெரிய குழாய் ரத்தத்தை ரிசர்வாயருக்குக் கொண்டுவரும். மெல்லிய குழாய் உறைவுத் தடுப்பு மருந்தைச் சக்ஷன் முனை வரை கொண்டுபோகும். ரத்தம் குழாய்க்குள் நுழையும் கணத்திலேயே மருந்தோடு கலக்க வேண்டும் என்பதற்காகத்தான் இப்படி இரண்டு குழாய்.

உறைவுத் தடுப்புக்கு வழக்கமான கலவை, 1 லிட்டர் நார்மல் சலைனில் 30,000 யூனிட் ஹெப்பாரின். தவறு நடப்பது இங்கேதான். நம் ஊரில் ஹெப்பாரின் 5 மி.லி. குப்பியாக இரண்டு செறிவில் வருகிறது. ஒன்றில் மி.லி.க்கு 5,000 யூனிட், இன்னொன்றில் மி.லி.க்கு 1,000 யூனிட். முதலாவது என்றால் 6 மி.லி. போதும், இரண்டாவது என்றால் 30 மி.லி., அதாவது 6 குப்பி முழுக்க வேண்டும். குப்பியின் அளவு ஒன்றாக இருப்பதால், செறிவைப் படிக்காமல் 6 மி.லி. இழுத்துக் கலந்தால் பையில் 6,000 யூனிட்தான் இருக்கும். அரை மணி நேரத்தில் ரிசர்வாயர் வடிகட்டியில் ஜெல்லி மாதிரி கட்டி உட்கார்ந்துவிடும், சேர்த்த ரத்தம் முழுதும் வீண். குப்பியைக் கையில் வைத்துக்கொண்டே செறிவைச் சத்தமாகப் படித்து, இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கலந்த பையில் பெரிய எழுத்தில், 'ஹெப்பாரின் 30,000 யூனிட் — செல் சேவருக்கு மட்டும், நரம்பில் ஏற்றக் கூடாது' என்று எழுதி ஒட்டுங்கள். தியேட்டரில் எல்லா சலைன் பையும் ஒரே முகம்தான். இந்தப் பையை யாராவது டிரிப் ஸ்டாண்டில் மாட்டினாலோ, கழுவும் சலைன் கொக்கியில் நீங்களே மாட்டினாலோ விளைவு மோசம். ஹெப்பாரினால் பிளேட்லெட் குறையும் கோளாறு உள்ளவருக்கு இந்தக் கலவையே கூடாது, சிட்ரேட் கரைசல்தான்.

முதல் சொட்டு ரத்தம் வருமுன் இந்தக் கரைசலில் 100 முதல் 200 மி.லி. வரை ரிசர்வாயருக்குள் ஓடவிட்டு வடிகட்டியை நனைத்துவிடுங்கள். காய்ந்த வடிகட்டியில் விழும் ரத்தம் உடனே உறையும். பிறகு சொட்டு வேகம். 100 மி.லி. ரத்தத்துக்கு 15 முதல் 20 மி.லி. கரைசல் என்பது கணக்கு. சாதாரண ரத்தக் கசிவுக்கு விநாடிக்கு ஒரு சொட்டு சரியாக இருக்கும், மி.லி.க்கு 20 சொட்டு செட்டில் அது நிமிடத்துக்கு 3 மி.லி. திடீரென்று ரத்தம் பாய்ந்தால் ரோலர் கிளாம்பை உடனே திறந்துவிடுங்கள், அடங்கியதும் பழைய வேகத்துக்கு வாருங்கள். கொஞ்சம் கூடுதலாகப் போனாலும் கழுவும்போது போய்விடும். குறைவாகப் போனதைப் பிறகு சரிசெய்ய வழி கிடையாது.

சக்ஷன் முனை

புதிதாக வருபவர்கள் கருவியின் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அறுவைக் களத்தைப் பாருங்கள். ரத்தம் நல்லபடியாகத் திரும்புமா என்பது சக்ஷன் முனையிலேயே பாதிக்கு மேல் தீர்மானமாகிவிடுகிறது. அங்கே உடைந்த சிவப்பணுவை எந்தக் கருவியாலும் ஒட்ட முடியாது.

சிவப்பணுவை உடைப்பது இரண்டு விஷயம்: அதிக இழுவிசை, காற்றோடு கலந்து நுரைப்பது. இழுவிசை 100 முதல் 150 மி.மீ. பாதரச அளவுக்குள் இருக்கட்டும். சுவர் சக்ஷனில் நேரே மாட்டினால் பல தியேட்டர்களில் இதைப்போலப் பல மடங்கு இழுக்கும். அளவு காட்டும் ரெகுலேட்டர் இல்லாமல் இணைக்காதீர்கள். ரத்தம் கொட்டி எதுவும் தெரியாத அவசரத்தில் 300 வரை ஏற்றலாம், அடங்கியதும் இறக்கிவிட வேண்டும். முனை அகன்ற வாய் கொண்டதாக இருக்க வேண்டும். தேங்கிய ரத்தத்துக்குள் முனையை முக்கி இழுக்க வேண்டும். மேற்பரப்பில் 'சர்ர்ர்' என்று சத்தம் வர உறிஞ்சினால் ரிசர்வாயரில் இளஞ்சிவப்பு நுரை ஏறும். அந்தச் சத்தம் கேட்டதும் ஸ்க்ரப் நர்ஸிடம் மெதுவாகச் சொல்லுங்கள். அறுவை மருத்துவரிடம் நேரே சொல்வது உங்கள் தைரியத்தைப் பொறுத்தது.

மேசையில் எப்போதும் இரண்டு சக்ஷன் வேண்டும், ஒன்று செல் சேவருக்கு, இன்னொன்று கழிவுக்கு. கழிவுக் குழாயில் ஒரு வண்ண டேப் சுற்றிவிட்டால் குழப்பம் வராது. கீழ்க்கண்டவை களத்தில் இருக்கும்போது செல் சேவர் முனையை வெளியே எடுத்துவிட வேண்டும்:

- பீட்டாடின், குளோர்ஹெக்சிடின், ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்பிரிட்.
- டிஸ்டில்டு வாட்டர். சிவப்பணு தண்ணீரை உறிஞ்சி வெடிக்கும். களத்தைக் கழுவ நார்மல் சலைன் மட்டும்தான் என்று தொடங்குமுன்பே சொல்லிவையுங்கள்.
- சர்ஜிசெல், ஜெல்ஃபோம், ஃபைப்ரின் பசை போன்ற, ரத்தத்தை உறைய வைக்கும் பொருட்கள்.
- எலும்பு சிமென்ட், இறுகும் வரை. இறுகிய பிறகு தொடரலாம்.
- நரம்பில் ஏற்ற அனுமதியில்லாத ஆன்டிபயாடிக் கலந்த சலைன்.
- குடல் கசிவு, சீழ்.

பீட்டாடின் ஊற்றினார்கள் என்றால், நிறைய சலைன் விட்டுக் கழிவு சக்ஷனில் இழுத்து, களம் தெளிந்த பிறகு செல் சேவரை உள்ளே விடுங்கள். குடல் திறந்துவிட்டால் அதற்கு முன் சேர்ந்தது சுத்தம்தான், அதைக் கழுவலாம். திறந்த பிறகு வருவதைச் சேர்ப்பதா என்பது மூத்த மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு. வேறு ரத்தமே இல்லாமல் உயிர் போகும் நிலையில் ஆன்டிபயாடிக் போட்டுத் திருப்பிக் கொடுத்ததும் உண்டு.

மாப்புகளையும் (களத்தில் ரத்தத்தை ஒற்றி எடுக்கும் துணி) விடாதீர்கள். ரத்தத்தில் ஊறிய பெரிய மாப் ஒன்றில் 100 மி.லி. வரை இருக்கலாம். கிருமி நீக்கிய பேசினில் 1 லிட்டர் சலைன் ஊற்றி, மாப்பை அதில் அலசி மெதுவாகப் பிழிந்து, அந்த நீரை அவ்வப்போது செல் சேவரில் இழுக்கலாம். துணி துவைப்பதுபோல் முறுக்கிப் பிழிந்தால் சிவப்பணு உடையும். இதில் இரண்டு எச்சரிக்கை: பீட்டாடினோ பெராக்சைடோ பட்ட மாப் பேசினுக்குள் போகக் கூடாது, அலசிய மாப்பும் எண்ணிக்கையில் சேர வேண்டும். மாப்பை எடை போட்டு ரத்த இழப்பைக் கணக்கிடும் தியேட்டர் என்றால் அலசுமுன்பே எடை போடுங்கள், இல்லாவிட்டால் கணக்கு உதைக்கும்.

இழப்பைக் கணக்கிட ரிசர்வாயரே உதவும். அதில் 1,400 மி.லி. காட்டுகிறது என்று வையுங்கள். வடிகட்டி நனைத்தது 150, சொட்டியது 150, களத்தில் ஊற்றிய சலைன் 400. மீதி 700 மி.லி.தான் ரத்தம். ஊற்றும் சலைனைத் தொடக்கத்திலிருந்தே யாராவது குறித்துக்கொண்டால்தான் இது நடக்கும்.

பௌலில் நடப்பது

பல கருவிகளில் பெரியவர்களுக்கான பௌல் 225 மி.லி.; இழப்பு குறைவாக எதிர்பார்த்தால் 125 மி.லி. பௌல், குழந்தைகளுக்கு அதைவிடச் சிறியது. பௌல் நிமிடத்துக்கு 5,000 சுற்றுக்கு மேல் சுழல, கனமான சிவப்பணு சுவரோரம் ஒதுங்கும், பிளாஸ்மா மேலே வழிந்து கழிவுக்குப் போகும். சிவப்பணு அடுக்கு உரிய உயரத்துக்கு வந்ததை சென்சார் கண்டதும் நார்மல் சலைன் உள்ளே பாய்ந்து கழுவும். பிறகு பௌல் நின்று, சிவப்பணுக்கள் மீள்செலுத்தும் பைக்குத் தள்ளப்படும். வெளிவருவதன் ஹீமட்டோகிரிட் (மொத்த அளவில் சிவப்பணுவின் பங்கு) வழக்கமாக 50 முதல் 60 சதவீதம்.

எப்போது தொடங்குவது? ஒரு கணக்குப் போடுங்கள். 225 மி.லி. பௌல் 55 சதவீதத்தில் நிறைய ஏறத்தாழ 124 மி.லி. சிவப்பணு வேண்டும். ரிசர்வாயரில் சலைனும் ஹெப்பாரினும் கலந்து ஹீமட்டோகிரிட் 15 சதவீதம்தான் இருக்கிறது என்றால், அதற்கு 825 மி.லி. தேவை. 400 மி.லி.யிலேயே பொத்தானை அழுத்தினால் பௌல் அரைகுறையாக நின்றுவிடும். அரைகுறை பௌலைக் கட்டாயப்படுத்திக் கழுவினால் சிவப்பணு அடுக்கு சரியாக இறுகாமல் சலைன் ஒரு பக்கமாகப் பாய்ந்துவிடும். ஹெப்பாரினும் உடைந்த சிவப்பணுவின் ஹீமோகுளோபினும் பையிலேயே தங்கும். காத்திருங்கள். கேஸ் முடிந்தும் நிறையவில்லை என்றால், முன்பு கழுவிப் பையில் இருக்கும் சிவப்பணுவைத் திரும்ப இழுத்துப் பௌலை நிரப்பும் வசதி பல கருவிகளில் உண்டு, அதைப் பயன்படுத்தலாம்.

கழுவும் சலைன் 225 மி.லி. பௌலுக்குக் குறைந்தது 1,000 மி.லி.; எலும்பு அறுவையில் கொழுப்பும் துகளும் வருவதால் 1,500 மி.லி. வைப்பது வழக்கம். கொக்கியில் மாட்டும் ஒவ்வொரு பையின் பெயரையும் படியுங்கள். அங்கே டெக்ஸ்ட்ரோஸோ டிஸ்டில்டு வாட்டரோ ஏறிவிடக் கூடாது.

திரையைவிடக் கழிவுக் குழாயின் நிறம் அதிகம் பேசும். நிரப்பும்போது வெளிறிய வைக்கோல் நிறமோ லேசான சிவப்போ இருக்கலாம். கழுவி முடியும்போது குழாயின் பின்னால் விரலை வைத்தால் தெளிவாகத் தெரிய வேண்டும். இன்னும் சிவப்பாக இருந்தால் கூடுதல் சலைன் விட்டுக் கழுவுங்கள். நிரப்பும்போதே அடர் சிவப்பாகப் போனால் சிவப்பணு வழிந்து வீணாகிறது: பம்ப் வேகம் அதிகம், அல்லது பௌல் சரியாக உட்காரவில்லை. ஒளி ஊடுருவும் செர்ரி சிவப்பாக இருந்தால் சிவப்பணு உடைந்திருக்கிறது. சக்ஷன் அழுத்தத்தையும் களத்தில் என்ன ஊற்றினார்கள் என்பதையும் விசாரியுங்கள். கழிவுப் பை நிரம்பி வழிய விடாதீர்கள், முக்கால் வந்ததும் காலி செய்யுங்கள்.

முதுகெலும்பு, இடுப்பு கேஸ்களில் கொழுப்பு எண்ணெய்போல் மிதக்கும். அது மேலே நிற்பதால் கடைசியில்தான் உள்ளே போகும். ரிசர்வாயரில் அடியில் 50 முதல் 100 மி.லி. வரை விட்டுவிடுங்கள். கஞ்சத்தனம் வேண்டாம்.

திருப்பிக் கொடுப்பது

மீள்செலுத்தும் பைக்குள் காற்று இருக்கும். பௌல் காலியாகும்போது அதிலுள்ள காற்றும் பைக்கு வரும். ஆகவே இந்தப் பையில் பிரஷர் பேக் (பையை அழுத்தி வேகமாக ஏற்றும் உறை) மாட்டவே கூடாது. 1970களில் பயன்பாட்டில் இருந்த பென்ட்லி கருவி ரத்தத்தைக் கழுவாமல் பம்ப் வைத்து நேரே நோயாளிக்குள் செலுத்தியது. ரிசர்வாயர் காலியானதைக் கவனிக்காத இடங்களில் காற்று நரம்பேறி உயிர் போனது, கருவியும் வழக்கொழிந்தது. வேகமாக ஏற்றியே ஆக வேண்டும் என்றால் தனியான மாற்றுப் பைக்கு இறக்கி, காற்றை முழுதும் வெளியேற்றி, கருவியிலிருந்து பிரித்த பிறகு மயக்க மருத்துவர் பொறுப்பில் செய்ய வேண்டும்.

பையை மாட்டும்போதே லேபிள் ஒட்டிவிடுங்கள்: பெயர், மருத்துவமனை எண், கழுவிய நேரம், காலாவதி நேரம், 'சொந்த ரத்தம் — கழுவியது'. சொந்த ரத்தம்தானே என்று இந்த வேலையைத் தள்ளிப்போடுவார்கள். ரிக்கவரி அறைக்குப் போன பிறகு பக்கத்துக் கட்டில்காரருக்கு ஏறிவிட்டால் அது ஒருவர் ரத்தத்தை இன்னொருவருக்கு ஏற்றிய பிழையேதான். பை நோயாளியை விட்டு அகலக் கூடாது, ரத்த வங்கி ஃபிரிட்ஜுக்குப் போகக் கூடாது. கழுவி முடித்ததிலிருந்து 4 மணி நேரத்துக்குள் ஏற்றி முடிக்க வேண்டும், மீந்தால் கொட்டிவிட வேண்டும். ஏற்றுவதற்கு 170 முதல் 200 மைக்ரான் வடிகட்டி உள்ள வழக்கமான ரத்த செட் போதும்.

சிசேரியனிலும் புற்றுநோய் அறுவையிலும் சில இடங்களில் வெள்ளணு நீக்கும் வடிகட்டி சேர்ப்பார்கள். அதன் வழியே ஏற்றும்போது சிலருக்கு ரத்த அழுத்தம் சட்டென்று சரிந்திருக்கிறது. அப்படி நேர்ந்தால் உடனே நிறுத்தி, மயக்க மருத்துவருக்குச் சொல்லி, வடிகட்டியைக் கழற்ற வேண்டும். சிசேரியனில் தாய் ஆர்.எச். நெகட்டிவ், குழந்தை பாசிட்டிவ் என்றால் குழந்தையின் சிவப்பணுக்கள் பையோடு தாய்க்குப் போகும். கருவியால் இரண்டையும் பிரிக்க முடியாது. பிரிட்டிஷ் முறைப்படி குறைந்தது 1,500 யூனிட் ஆன்டி-டி (குழந்தையின் சிவப்பணுவுக்கு எதிராகத் தாயின் உடல் எதிர்ப்பு உண்டாக்காமல் தடுக்கும் ஊசி) போட்டு, ஏற்றி முடித்து 30 முதல் 45 நிமிடத்தில் ரத்தம் எடுத்து எவ்வளவு கலந்தது என்று பார்ப்பார்கள். எல்லா சிசேரியனுக்கும் செல் சேவர் வேண்டுமா என்றால், வேண்டாம். பிரிட்டனில் 26 மகப்பேறு மையங்களில் 3,028 பெண்களிடம் நடந்து 2017இல் வெளியான சால்வோ ஆய்வில், மாற்று ரத்தம் (பிறர் கொடுத்த ரத்தம்) தேவைப்பட்டவர்கள் 3.5 சதவீதத்திலிருந்து 2.5 ஆகத்தான் குறைந்தார்கள். நஞ்சுக்கொடி கருப்பைச் சுவருக்குள் ஊடுருவிய கேஸுக்குக் கருவியை ஒதுக்குங்கள்.

கருவி இல்லாத இடத்தில்

கருக்குழாய் வெடித்து வயிறு நிறைய ரத்தத்தோடு வரும் பெண்ணுக்கு, கருவி இல்லாத மருத்துவமனைகளில் பழைய முறை ஒன்று இன்னும் கைகொடுக்கிறது. ஜெர்மனியில் தீஸ் என்ற மருத்துவர் 1914லேயே இதைச் செய்திருக்கிறார். வயிற்றிலிருந்து கிருமி நீக்கிய கிண்ணத்தால் ரத்தத்தை மொண்டு, சிட்ரேட் கரைசல் கலந்து, பல மடிப்புக் காஸ் துணியில் வடிகட்டி, பையில் அடைத்து ஏற்றுவார்கள். வெடித்து 24 மணி நேரம் கடந்திருந்தாலோ, நாற்றம் இருந்தாலோ, நிறம் மாறியிருந்தாலோ தொடக் கூடாது. கழுவாத ரத்தம் என்பதால் மாற்று ரத்தம் கிடைக்காத அவசரத்துக்கு மட்டும்.

திட்டமிட்ட அறுவைக்கு இன்னொரு வழி, மயக்கம் கொடுத்ததும் ரத்தத்தை எடுத்து வைத்துக்கொண்டு, ஈடாகத் திரவம் ஏற்றி நீர்க்கச் செய்வது. நீர்த்த ரத்தம் வெளியேறினால் நஷ்டம் குறைவு. எவ்வளவு எடுப்பது: மொத்த ரத்தத்தை, ஹீமட்டோகிரிட் எத்தனை புள்ளி இறங்கலாம் என்பதால் பெருக்கி, தொடக்க அளவுக்கும் இறுதி அளவுக்கும் உள்ள சராசரியால் வகுக்க வேண்டும். 60 கிலோ ஆணுக்குக் கிலோவுக்கு 70 வீதம் 4,200 மி.லி. ரத்தம். 42இலிருந்து 30க்கு இறங்கலாம் என்றால் 12 புள்ளி, சராசரி 36. விடை 1,400 மி.லி., அதாவது 350 மி.லி. பை நான்கு. இதய ரத்தக்குழாய் அடைப்போ ஏற்கெனவே ரத்தசோகையோ உள்ளவருக்கு இது பொருந்தாது.

பையை எடைத் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டுத் திறந்துவிடுங்கள். ரத்தம் மி.லி.க்கு 1.05 கிராம், ஆகவே 370 கிராம் வந்ததும் மூடிவிட வேண்டும். அதற்கு மேல் போனால் பையிலுள்ள 49 மி.லி. உறைவுத் தடுப்பு போதாது. நிரம்பும்வரை பையை மெல்லப் புரட்டிக்கொண்டே இருங்கள். எடுத்த அளவுக்கு மூன்று பங்கு ரிங்கர் லாக்டேட், அல்லது சம பங்கு கொலாய்டு, எடுக்கும்போதே இன்னொரு நரம்பில் ஓட வேண்டும். பைகள் தியேட்டரிலேயே அறை வெப்பத்தில் இருக்கட்டும். ஃபிரிட்ஜில் வைத்தால் பிளேட்லெட் கெடும். 8 மணி நேரத்துக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

எடுத்த வரிசையில் ஒவ்வொரு பையிலும் 1, 2, 3, 4 என்று எண் எழுதுங்கள். திருப்பிக் கொடுப்பது தலைகீழாக, 4ஆவது பை முதலில். நீர்க்காத ரத்தமும் முழு பிளேட்லெட்டும் உள்ள 1ஆம் பை, ரத்தக் கசிவு நின்று காயத்தை மூடும் நேரத்துக்கு.